இணையதளத்தில் மேப் வைக்கிறீர்களா? பார்வையாளரிடம் முதலில் கேளுங்கள்

'தொடர்புக்கு' என்று ஒரு பக்கம் இருந்தால் அதில் ஒரு மேப் இருந்தே ஆக வேண்டும் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கூகுள் மேப்ஸைத் திறந்து, கடையைத் தேடி, ஷேர் பொத்தானை அழுத்தி, எம்பெட் என்ற இடத்தில் கிடைக்கும் வரியைக் காப்பி செய்து நம் பக்கத்தில் ஒட்டினால் போதும், காசும் கிடையாது. இவ்வளவு சுலபம் என்பதாலேயே, ஒட்டிய அந்த வரி என்னவெல்லாம் செய்கிறது என்று பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. வேர்ட்பிரஸில் தங்கள் தளத்தைத் தாங்களே அமைத்துக்கொள்கிறவர்களையும், மற்றவர்களுக்குத் தளம் செய்து கொடுக்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

பக்கம் திறக்கும்போது நடப்பது

நீங்கள் ஒட்டிய வரிக்கு ஐஃப்ரேம் என்று பெயர். உங்கள் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இன்னொரு இணையதளத்தைத் திறந்து காட்டுவது அதன் வேலை. அந்த மேப் உங்கள் சர்வரில் இல்லை. பார்வையாளர் பக்கத்தைத் திறந்ததும் அவருடைய பிரவுசர் முதலில் உங்கள் சர்வரிடம் பக்கத்தைக் கேட்டு வாங்குகிறது, அதில் இந்த வரியைப் பார்த்ததும் நேராகக் கூகுளின் சர்வர்களுக்குப் போய் மேப்பைக் கேட்கிறது. இந்த இரண்டாவது பயணம் உங்கள் வழியாக நடப்பதில்லை, உங்கள் சர்வர் பதிவேட்டில் அதன் தடம்கூட இருக்காது. ஆனால் அதைத் தொடங்கி வைத்தது நீங்கள் ஒட்டிய வரி. பார்வையாளர் மேப்பைத் தொடவே இல்லை, கீழே இறங்கிப் பார்க்கவும் இல்லை என்றாலும் இது நடந்துவிடும்.

அந்தப் பயணத்தில் என்ன போகிறது? இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி கட்டாயம் போகும், அது இல்லாமல் பதில் திரும்பி வர வழி இல்லை. எந்த பிரவுசர், எந்த வகைக் கருவி, எந்த மொழி, எத்தனை மணிக்கு என்பதும் போகும். எந்தத் தளத்திலிருந்து இந்தக் கோரிக்கை வந்தது என்பதும் போகும், இதை ரெஃபரர் என்பார்கள். இப்போதைய பிரவுசர்கள் பொதுவாகப் பக்கத்தின் முழு முகவரியையும் அனுப்பாமல் தளத்தின் பெயரை மட்டும் அனுப்புகின்றன, நல்ல மாற்றம்தான், ஆனால் பல சமயம் தளத்தின் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதற்கு வருகிறேன்.

அப்புறம் குக்கீ, அதாவது பார்வையாளரை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் அவர் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு. பார்வையாளர் அதே பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து வைத்திருந்தால், மேப்புக்கான கோரிக்கையுடன் கூகுள் குக்கீகளும் சேர்ந்து போகலாம். இதில் பிரவுசருக்கு பிரவுசர் வித்தியாசம் இருக்கிறது: சஃபாரி 2020 முதல் இப்படிப்பட்ட மூன்றாம் தரப்புக் குக்கீகளை மொத்தமாகத் தடுக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் அவற்றைத் தளம் வாரியாகப் பிரித்து வைக்கிறது, குரோமிலோ அவற்றை ஒழிக்கப்போவதாகப் பல வருடங்கள் சொல்லிவந்த கூகுள் கடைசியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனும் குரோமும், அதுவும் கூகுள் கணக்கில் லாகின் ஆன நிலையில்.

மேப் வந்த பிறகும் பேச்சு நிற்பதில்லை. இணைய மேப் என்பது ஒரே படம் அல்ல, சின்னச் சின்னச் சதுரத் துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டது. இந்தத் துண்டுக்கு டைல் என்று பெயர். விரலால் நகர்த்தினாலும் பெரிதாக்கினாலும் அந்த இடத்துக்குத் தேவையான டைல்களை மட்டும் பிரவுசர் கேட்டு வாங்குகிறது. தன்னார்வலர்கள் வரைகிற இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம்: ஒவ்வொரு டைலும் 256 பிக்சல் அகலமும் உயரமும் கொண்ட படம், அதன் முகவரியிலேயே பெரிதாக்கிய அளவும் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களும் இருக்கும். மிகவும் பெரிதாக்கிய 19ஆம் நிலையில், சென்னையை எடுத்துக்கொண்டால், ஒரு டைலில் அடங்குவது சுமார் 75 மீட்டர் அகலம். அதாவது எந்த ஐபி முகவரியில் இருப்பவர் எந்தத் தெருவை உற்றுப் பார்த்தார் என்பதை டைல் தருகிற சர்வரின் பதிவேட்டிலிருந்து சொல்லிவிட முடியும். உங்கள் கடையைப் பார்த்துவிட்டு அவர் மேப்பைத் தன் வீட்டுப் பக்கம் நகர்த்தியிருந்தால் அதுவும் தெரியும்.

இடம் கேட்கும் பாப்அப் வேறு

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலே "லொகேஷன் பர்மிஷனை பிரவுசரே கேட்கிறதே, அப்புறம் நாம் எதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி, ஆனால் இரண்டும் வேறு வேறு.

பிரவுசர் கேட்பது ஜியோலொகேஷன் என்ற வசதிக்கு. ஜிபிஎஸ், வைஃபை இவற்றை வைத்துப் பார்வையாளர் நிற்கும் இடத்தைத் துல்லியமாகத் தருவது அது. அனுமதி கொடுக்காமல் அது வேலை செய்யாது, எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத தளத்தில் குரோம் 2016இலிருந்து அதைத் தருவதே இல்லை, ஐஃப்ரேமுக்குள் இருக்கும் வேறு தளம் அதைக் கேட்க வேண்டுமானால் உங்கள் பக்கம் முதலில் வெளிப்படையாக வழிவிட்டிருக்க வேண்டும். நன்றாகக் காவல் போடப்பட்ட வசதி. ஆனால் நாம் மேலே பார்த்த ஐபி, குக்கீ, ரெஃபரர், டைல் எதற்கும் இந்தக் காவல் பொருந்தாது. மேப் திறந்த கணத்திலேயே அவை போய்விடும், எந்த பாப்அப்பும் வராது. ஐபியை வைத்து ஊரைத் தோராயமாகக் கணிக்கவும் முடியும் (மொபைல் டேட்டாவில் சில நேரம் வேறு ஊரைக் காட்டும், ஆனாலும் அது ஒரு கணிப்புதான்).

இடையில் இன்னொன்றும் இருக்கிறது. 'எங்கள் கிளைகள்' பக்கத்தில் ஒரு தேடல் பெட்டி வைத்து, தெருப் பெயரைத் தட்டத் தட்டக் கீழே பரிந்துரைகள் வருகிற மாதிரி செய்திருப்பார்கள். அந்தப் பரிந்துரைகள் வர வேண்டுமானால் தட்டுகிற எழுத்துகள் மேப் நிறுவனத்துக்குப் போயாக வேண்டும். வழி கேட்கும் பெட்டியில் மக்கள் தட்டுவது பெரும்பாலும் தங்கள் வீட்டு முகவரியைத்தான். ஜியோலொகேஷனுக்கு 'வேண்டாம்' என்று சொன்னவர்கூட இங்கே தன் வீட்டைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறார், அது யாரிடம் போகிறது என்று தெரியாமலேயே.

இதில் என்ன கெட்டுப்போகிறது?

ஒரு பாத்திரக் கடையின் மேப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், நானும் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மேப் வைக்கிற தளங்கள் எல்லாம் பாத்திரக் கடைகள் அல்ல. குடிநோய் சிகிச்சை மையம், மனநல மருத்துவர், எச்ஐவி பரிசோதனை மையம், குழந்தையின்மை சிகிச்சை, விவாகரத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞர், கணவனின் அடி தாங்காமல் வெளியேறும் பெண்களுக்கு உதவும் அமைப்பு, இவர்களும் 'எங்களை அடைய' என்று மேப் வைக்கிறார்கள். இங்கே ரெஃபரரில் போகும் தளப் பெயரே ஒரு நோயின் பெயராகவோ குடும்பத்தின் சங்கடமாகவோ இருக்கும். அந்தத் தளத்துக்கு ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தார் என்ற தகவல், அவர் யாரிடமும் வாய் திறப்பதற்கு முன்பே, மூன்றாவது ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. பெற்ற நிறுவனம் அதை அந்த நபரின் கணக்குடன் சேர்த்து வைக்கிறது என்று நான் சொல்லவில்லை. சேர்க்க முடிகிற வடிவத்தில் அந்தத் தகவலை நாம் அனுப்பி வைக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். அந்த மனிதர் நம்மை நம்பி வந்தவர். அவருக்கு அந்த மேப் தேவையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதனால்தான் இதை வெறும் சட்டப் பிரச்சினையாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் இந்த விஷயத்தில் அதிகம் சிந்தித்திருக்கும் ஐரோப்பியச் சட்டத்தை.

ஐரோப்பிய நீதிமன்றங்கள் சொன்னவை

ஜிடிபிஆர் என்ற பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2016இல், ஜெர்மானிய அரசுத் தளங்கள் பார்வையாளர்களின் ஐபி முகவரிகளைச் சேமிப்பதை எதிர்த்து பாட்ரிக் பிரேயர் தொடுத்த வழக்கில், மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரியும் தனிநபர் தரவாக இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து ஆளைக் கண்டுபிடிக்கச் சட்டப்படி வழி இருக்கிறதே, அதுவே போதும் என்பது அதன் தர்க்கம். 'வெறும் ஐபிதானே போகிறது' என்ற வாதம் அங்கே அப்போதே பலமிழந்தது.

மேப் வைப்பவர்களுக்கு மிக முக்கியமான தீர்ப்பு 2019 ஜூலையில் வந்தது. ஃபேஷன் ஐடி என்ற ஜெர்மானிய ஆடை விற்பனைத் தளம் ஃபேஸ்புக்கின் லைக் பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்திருந்தது. பொத்தானை யாரும் அழுத்தாவிட்டாலும், ஃபேஸ்புக் கணக்கே இல்லாவிட்டாலும், பக்கத்தைத் திறந்தவரின் தரவு ஃபேஸ்புக்குக்குப் போனது. இதற்குத் தளத்துக்காரர் பொறுப்பா? தரவைச் சேகரித்து அனுப்புகிற அந்தக் கட்டம் வரைக்கும் அவரும் கூட்டுப் பொறுப்பாளிதான் என்றது நீதிமன்றம், ஃபேஸ்புக் அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பதற்கு அவர் பொறுப்பல்ல. நம் கடை வாசலில் யாரோ ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் நின்று உள்ளே வருகிறவர்களைக் குறித்துக்கொள்கிறார் என்றால், நோட்டு அவருடையதுதான், ஆனால் நிற்க இடம் கொடுத்தது நாம். தீர்ப்பு லைக் பொத்தானைப் பற்றியது என்றாலும், ஒட்டிய ஐஃப்ரேம் மேப்புக்கும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்துகிறது என்பது என் கருத்து.

அதே ஆண்டு அக்டோபரில் பிளானெட்49 என்ற இணையப் போட்டி நிறுவனத்தின் மீதான வழக்கு. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது, பார்வையாளர் தானாகச் செய்கிற ஒரு செயல் வேண்டும் என்று அதில் முடிவானது. குக்கீயைப் பொறுத்தவரை ஐரோப்பாவில் தனியாக ஒரு விதியும் உண்டு: பயனர் கேட்ட சேவையைத் தருவதற்கு அத்தியாவசியமானதைத் தவிர வேறு எதையும் அவர் கருவியில் வைக்கவோ அதிலிருந்து படிக்கவோ முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். டாக்ஸி எங்கே வருகிறது என்று காட்டும் செயலியில் மேப்தான் சேவை, அதனால் அங்கே அத்தியாவசியம் என்று வாதிடலாம். தொடர்புப் பக்கத்து மேப்புக்கு அந்த வாதம் நிற்காது, ஏனென்றால் முகவரியை எழுத்தில் கொடுத்தாலே வேலை முடிந்துவிடுகிறது.

2022 ஜனவரியில் மியூனிக் நகரின் மாவட்ட நீதிமன்றம் ஒரு தளத்துக்காரர் பார்வையாளருக்கு 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்றது. காரணம் மேப்கூட இல்லை, எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸைக் கூகுள் சர்வரிலிருந்து நேராக இழுத்ததால் பார்வையாளரின் ஐபி அவர் ஒப்புதல் இல்லாமல் கூகுளுக்குப் போனது, அவ்வளவுதான். அந்த ஆண்டு முழுவதும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சிறு தளங்களின் உரிமையாளர்களுக்குப் பணம் கேட்டுக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் போயின. அப்படிக் கடிதம் அனுப்பியவர்களே மோசடிச் சந்தேகத்தில் பெர்லினில் விசாரிக்கப்பட்டது தனிக்கதை. அப்போது பலர் எழுத்துருவைத் தங்கள் சர்வருக்கு மாற்றிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட்டார்கள், ஆனால் கூகுள் மேப் ஐஃப்ரேம் தன் பங்குக்கு கூகுள் எழுத்துருவையும் இழுத்துக்கொண்டுதான் வரும்.

அமெரிக்காவுக்குத் தரவு போகலாமா என்பது இன்னொரு நீண்ட சண்டை. அதற்காக இரு தரப்புக்கும் இடையே அதுவரை இருந்த தரவுப் பரிமாற்ற ஏற்பாட்டை 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ரத்து செய்தது, 2023 ஜூலையில் அதற்குப் பதிலாக வேறோர் ஏற்பாடு வந்தது. அது இருப்பதால் பார்வையாளரிடம் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கோ ஜெர்மனியில் உள்ள ஒரு கோவிலுக்கோ நீங்கள் கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து தளம் செய்து கொடுத்தாலும், தளத்தை நடத்துகிறவர் ஐரோப்பாவில் இருக்கிறார், அவர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். கடிதம் அவருக்குத்தான் வரும், அவர் அடுத்து அழைக்கப்போவது உங்களைத்தான்.

நம் ஊர்ச் சட்டம்

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஐரோப்பாவைப் போலக் குக்கீக்கு என்று தனி விதி இதில் கிடையாது. ஆனால் ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கிட்டத்தட்ட அதே கண்டிப்பு: கட்டாயமில்லாமல், குறிப்பான நோக்கத்துக்கு, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், ஐயத்துக்கு இடமில்லாமல், தெளிவான ஒரு செயல் மூலம் தர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது. தமிழ் அதில் இருக்கிறது. தமிழில் தளம் நடத்திக்கொண்டு ஒப்புதலை மட்டும் புரியாத ஆங்கிலத்தில் கேட்பது இனி சரிவராது.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அவர்கள் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அவர்களைப் பின்தொடர்வதற்கும் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் தடை (சில விலக்குகள் உண்டு), மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். பள்ளி, டியூஷன் சென்டர் தளங்களில் மேப் வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது?

எல்லாவற்றிலும் முக்கியமானது வரிசை. முதலில் கேள்வி, பிறகு மேப். பல தளங்களில் கீழே குக்கீ பட்டை அழகாக வந்து நிற்கும், 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று பொத்தானும் இருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் மேப் ஏற்கெனவே திறந்து, போக வேண்டியதெல்லாம் போயிருக்கும். அது கேட்டதாக ஆகாது.

நல்ல வழி, மேப் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் ஒரு வெற்றுக் கட்டத்தை வைப்பது. அதில் இரண்டு வரி விளக்கமும் 'மேப்பைக் காட்டு' என்ற பொத்தானும் இருக்கட்டும். அழுத்திய பிறகுதான் ஐஃப்ரேம் உருவாக வேண்டும். ஜெர்மனியின் ஹைஸே என்ற தொழில்நுட்பப் பத்திரிகை நிறுவனம் 2011லேயே லைக் பொத்தானுக்கு இப்படி 'இரண்டு கிளிக்' முறையைச் செய்து காட்டியது. இன்று வேர்ட்பிரஸுக்கு இதைச் செய்யும் பிளக்இன்கள் கிடைக்கின்றன, கையால் எழுதினாலும் பத்துப் பதினைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட்தான். விளக்கம் இப்படி இருக்கலாம்: "இங்கே கூகுள் மேப்ஸ் உள்ளது. இதைத் திறந்தால் உங்கள் ஐபி முகவரியும் பிரவுசர் விவரங்களும் கூகுளுக்குப் போகும், கூகுள் குக்கீ வைக்கலாம். திறக்காவிட்டாலும் முகவரியையும் வழியையும் கீழே படிக்கலாம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மேப்பைத் திறக்காவிட்டால் முகவரியே கிடைக்காது என்ற நிலை இருந்தால் அங்கே ஒப்புதல் கட்டாயத்தின் பேரில் வாங்கியதாகிவிடும். மறுப்பது ஏற்பதைவிடக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்பதற்காகப் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 தொடக்கத்தில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது, எனவே பொத்தானின் அளவும் நிறமும்கூட விஷயம்தான்.

'அடுத்த முறை கேட்காதே' என்று ஒரு டிக் பெட்டி வைக்கலாம், டிக் அடிக்காமல். அப்படி வைத்தால் மனம் மாறியவர் அதைத் திரும்பப் பெற ஓர் இடமும் வேண்டும், அடிக்குறிப்பில் ஒரு லிங்க் போதும். தளத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் யாருடைய மேப், என்னென்ன போகிறது, எதற்காக என்று நாலு வரி எழுதுங்கள்.

இதைச் செய்கிறவர்களும் சறுக்கும் இடங்கள் இருக்கின்றன. வெற்றுக் கட்டம் பார்க்க நன்றாக இல்லை என்று அதன் பின்னணியில் மேப்பின் படம் ஒன்றைப் போடுவார்கள், அந்தப் படம், மேப்பை நகராத படமாகத் தரும் கூகுளின் ஸ்டாட்டிக் மேப் சேவையிலிருந்து வந்தால் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பிரவுசர் கூகுளிடம் போய்விட்டது. படம் உங்கள் சர்வரில் இருக்க வேண்டும். அதற்காகக் கூகுள் மேப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவதும் அவர்களின் பயன்பாட்டு விதிகளில் சிக்கலைத் தரும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்து 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று கீழே குறிப்பிட்டால் பிரச்சினை இல்லை. இன்னொரு சறுக்கல், தீமோ பிளக்இனோ வேகத்துக்காகப் பக்கத்தின் தலைப்பகுதியில் ப்ரீகனெக்ட் என்று ஒரு வரியைச் சேர்த்து வைத்திருக்கும், அது மேப் வருவதற்கு முன்பே மேப் சர்வருக்கு இணைப்பைத் திறந்துவிடும். லேசி லோடிங் போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: அது மேப் இருக்கும் இடத்தை நெருங்கும் வரை தள்ளிப்போடுகிறது, யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

ஐஃப்ரேம் அல்லாமல் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐ மூலம், அதாவது மேப் நிறுவனம் தரும் நிரலைத் தங்கள் பக்கத்தில் சேர்த்து, மேப்பை வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐஃப்ரேமுக்குள் இருக்கும் தளத்தால் உங்கள் பக்கத்தின் மற்ற பகுதிகளைப் படிக்க முடியாது, பிரவுசர் நடுவே சுவர் போட்டுவிடுகிறது. ஏபிஐயின் ஸ்கிரிப்ட் அப்படி இல்லை, உங்கள் பக்கத்துக்குள்ளேயே ஓடுகிறது. அதே பக்கத்தில் பெயர், போன் எண், 'உங்கள் பிரச்சினை என்ன' என்று கேட்கும் படிவம் இருந்தால் தொழில்நுட்ப ரீதியாக அதையும் எட்டிப் பார்க்க வழி இருக்கிறது. அப்படிப் பார்க்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் மருத்துவமனைத் தளத்தில் அப்பாயின்ட்மென்ட் படிவமும் மேப் ஸ்கிரிப்ட்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மேப்பே இல்லாமல், அல்லது சொந்த மேப்புடன்

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான சிறு தளங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரு சாதாரண லிங்க். முகவரியை முழுதாக எழுதி, 'பஸ் ஸ்டாண்டிலிருந்து இறங்கி வலப்பக்கம், பிள்ளையார் கோவிலுக்கு எதிரே, முதல் மாடி' என்று நாம் போனில் வழி சொல்கிற மாதிரியே எழுதி, அதன் கீழே 'மேப்பில் திறக்க' என்று லிங்க் கொடுத்துவிடுங்கள். போனில் அதைத் தட்டினால் மேப் செயலியே திறக்கும், வழிகாட்டல் அதில்தான் நன்றாக இருக்கும், பக்கத்துக்குள் இருக்கும் சின்னக் கட்டத்தில் விரலை வைத்து யாரும் வழி பார்ப்பதில்லை. தட்டாதவரின் தகவல் எங்கும் போகாது. லிங்க்கில் நோரெஃபரர் என்ற குறிப்பைச் சேர்த்தால் தளத்தின் பெயரும் போகாது. பக்கமும் வேகமாகத் திறக்கும்.

கூகுள் வேண்டாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வைத்துவிட்டால் ஒப்புதலே தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2004இல் தொடங்கிய, உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் வரைகிற அருமையான மேப் அது, விளம்பர வியாபாரமும் அதற்குக் கிடையாது. ஆனாலும் அதன் டைல்களை அவர்கள் சர்வரிலிருந்து இழுத்தால் பார்வையாளரின் ஐபி அங்கே போகத்தான் செய்யும். மேப்பைக் காட்டும் லீஃப்லெட் நிரலை வேறொரு பொதுச் சர்வரிலிருந்து இழுத்தால் அங்கும் போகும், அதனால் அந்தக் கோப்புகளை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சின்னவைதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல் சர்வர்கள் நன்கொடையில் ஓடுகிறவை, கூட்டம் அதிகம் வரும் தளங்களுக்கானவை அல்ல, ரெஃபரர் அனுப்ப வேண்டும் என்றும் அவர்கள் விதி சொல்கிறது. தளப் பெயரை மறைக்க வேண்டிய நிலையில் உள்ள அமைப்புகளுக்கு இதுவும் ஒத்துவராது.

அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி. ப்ரோட்டோமேப்ஸ் என்ற திட்டம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை பிஎம்டைல்ஸ் என்ற ஒரே கோப்பாகத் தருகிறது. உலகம் முழுதும் என்றால் 100 ஜிபிக்கு மேல் வரும், ஆனால் உங்கள் ஊரை மட்டும் வெட்டி எடுத்தால் சின்னக் கோப்புதான். அதை உங்கள் சர்வரில் போட்டு, மேப்லிப்ரே என்ற இலவச நிரலின் மூலம் காட்டலாம். பிரவுசர் அந்தக் கோப்பிலிருந்து தேவையான பகுதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். எழுத்துருவையும் சின்னங்களையும் உங்கள் சர்வரிலேயே வைத்துவிட்டால் பார்வையாளரின் பிரவுசர் வேறு யாரிடமும் போகாது, நகர்த்தலாம், பெரிதாக்கலாம், எல்லாம் உங்கள் தளத்துக்குள்ளேயே. முதல் முறை அமைக்க ஒரு நாள் உட்கார வேண்டியிருக்கும்.

மேப்பில் நாம் குத்தும் புள்ளிகளைப் பற்றியும் ஒன்று. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலியின் உலக மேப்பில், பெயர் எதுவும் இல்லாமல் வெறும் ஓட்டத் தடங்களை வைத்தே ராணுவ முகாம்களின் அமைப்பு தெரிந்துவிட்டது. 2015 சென்னை வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்தார்கள், தெரு அளவோடு நின்றதால் அது யாரையும் காட்டிக்கொடுக்காமல் எல்லாருக்கும் உதவியது. தன்னார்வலர்கள், நன்கொடையாளர்கள், மாணவர்கள் இவர்களின் வீடுகளைப் புள்ளியாகப் போடும் முன் அவர்களிடம் கேளுங்கள், அல்லது பகுதியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தளத்தையே சோதித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், பிறகு தளத்தைத் திறங்கள். எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். வரிசையில் வரும் பெயர்களில் உங்கள் தளம் அல்லாதவை என்னென்ன என்று பாருங்கள், கூகுள், கூகுள்ஏபிஸ், ஜிஸ்டாட்டிக் என்று ஏதாவது இருந்தால் உங்கள் பக்கம் கேட்காமலேயே பேசிக்கொண்டிருக்கிறது. பிறகு 'மறுக்கிறேன்' அழுத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள், பல குக்கீ பிளக்இன்கள் இங்கேதான் தோற்கின்றன. முகப்பு, தொடர்புப் பக்கம் இரண்டோடு நிறுத்தாதீர்கள், அடிக்குறிப்பில் மேப் வைத்த தீமாக இருந்தால் அது எல்லாப் பக்கத்திலும் திறக்கும், பழைய நிகழ்ச்சி அறிவிப்புகளில் ஒட்டிய மேப்புகள் அப்படியே கிடக்கும். தீம், பிளக்இன் எதையாவது அப்டேட் செய்த பிறகும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.